வியர்வைக் கணக்கு வந்துவிட்டது, எடைமெஷினோடுதான் மல்லுக்கட்டு

ஓடும்போது ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கு: ஓட்டத்தில் குறைந்த எடையோடு வழியில் குடித்ததைக் கூட்டினால் வியர்வை. கத்திரி முடிவதற்குள் வீட்டில் எல்லோருக்கும் மணிக்கு எத்தனை மில்லி வியர்க்கிறது என்ற எண் கைக்கு வந்துவிட்டது. பெரியவர்கள் கணக்கு சுலபம். பத்து வயதுக்காரனுக்குத்தான் எண் அசையவே மாட்டேன் என்றது. ஓடுவதற்கு முன் 31.4 கிலோ. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் முக்கால் மணி ஓடிவிட்டு ஏறினாலும் 31.4. தலைமுடியிலிருந்து சொட்டுகிறது, மெஷின் மட்டும் சாதிக்கிறது.

காரணம் பேட்டரி இல்லை. வீட்டு டிஜிட்டல் எடைமெஷின்கள் பலவற்றில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. போன தடவை காட்டிய எடைக்கும் இப்போதைய எடைக்கும் வித்தியாசம் சில நூறு கிராமுக்குள் இருந்தால், புதிதாக அளக்காமல் பழைய எண்ணையே திருப்பிக் காட்டிவிடும். இரண்டு தடவை ஏறினால் ஒரே எண் வருகிறதே, துல்லியமான மெஷின்தான் என்று வாங்குகிறவர் நம்ப வேண்டும், அவ்வளவுதான். எடைக்குறைப்புக்குப் பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றும் செய்யாது. நமக்கோ அந்தச் சில நூறு கிராம்தான் மொத்தக் கணக்கும்.

சோதிப்பது சுலபம். ஒருமுறை ஏறி எண்ணைப் பாருங்கள். இறங்கி, 200 மில்லி தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறுங்கள். எண் மாறவில்லையா, உங்கள் மெஷினும் அந்த ஜாதிதான். மருந்து: ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் வேறு எடை ஒன்றை ஏற்றி அதன் ஞாபகத்தைக் கலைப்பது. ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் போதும். கேனை வைத்து, எண் நின்றதும் எடுத்து, 0.0 வந்தபின் பையனை ஏற்ற வேண்டும். சில மெஷினில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் ஞாபகம் போய்விடும்.

இடமும் முக்கியம். நாலு மூலையிலும் உணரி இருப்பதால், ஒரு கால் டைல்ஸ் இடுக்கில் உட்கார்ந்தால்கூட 100, 200 கிராம் தள்ளும். தரையில் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துவிடுங்கள். மெஷினைக் கால்மிதி மேல் வைப்பது சுத்த வேஸ்ட். நகர்த்தி வைத்தால் முதல் எண்ணைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

அடுத்தது துணி. நனைந்த டீஷர்ட்டோடு ஏறினால், உடம்பை விட்டுப் போன வியர்வையையும் சேர்த்து நிறுக்கிறோம். சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்தால், காய்ந்தபோது 140 கிராம் இருந்த பருத்தி பனியன் ஓடி வந்தபின் 310 காட்டும். 170 மில்லி அதிலேயே ஒளிந்திருக்கிறது. துண்டால் தலைமுடி உட்பட நன்றாகத் துடைத்து, காய்ந்த டிரவுசரோடு ஏற வேண்டும். ஓடுமுன் எடுத்த எடையும் அதே டிரவுசரோடு. நடுவில் ஒன்றுக்குப் போனால் அந்த நாள் கணக்கில் சேராது.

இதெல்லாம் சரியானதும் பையனுக்கு வந்தது 31.4, 31.2. வழியில் குடித்தது 150 மில்லி. ஆக 45 நிமிடத்தில் 350 மில்லி, மணிக்கு 470 சுமார். மெஷின் 100 கிராம் படியில் தாவுவதால் ஒரு நாள் எண்ணை நம்பக்கூடாது, பல நாள் எடுத்துச் சராசரி போட வேண்டும். பெரியவருக்கு 72.6, 71.7, குடித்தது 400: ஒரு மணியில் 1.3 லிட்டர். பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: அரிசி மண்டியில் இருக்கும் பிளாட்பாரத் தராசு. நூறு கிலோ தாங்கும், பத்து கிராம் படியில் காட்டும். மண்டிக்காரர் முகம் தெரிந்தவராக இருந்தால் சிரித்துக்கொண்டே ஏற்றுவார். அது ஓடும் பாதையின் முடிவிலேயே இருந்தால் யோகம்.

எண்ணை வைத்து என்ன செய்வது? முழுதையும் குடித்து ஈடுகட்ட வேண்டியதில்லை. எடை இழப்பு இரண்டு சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 31 கிலோவுக்கு அது 600 கிராம். ஓடி வந்தபின் எடை ஏறியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்தாயிற்று என்று அர்த்தம். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அதுதான் ஆபத்து. பையனுக்கு இருபது நிமிடத்துக்கு 120 மில்லி என்று வைத்திருக்கிறோம். வாய் வாயாக எண்ணினால் கணக்கு வராது, பாட்டிலில் மார்க்கரால் கோடு போடுங்கள்.

உப்பு: மருந்துக்கடை ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனக் கலவை என்று போட்டிருப்பதைத்தான் வாங்குகிறோம். லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. வயிற்றுப்போக்குக்கான அளவு அது, அங்கே நீர்க்கவே கூடாது. ஓட்டத்துக்கு மட்டும் 200 மில்லிக்கான சிறு பாக்கெட்டை 400 மில்லியில் கரைக்கிறோம். முழு உப்பில் பையன் துப்பிவிடுவான். அட்டை டப்பாவில் வரும் பழ ருசி பானங்களை ஓஆர்எஸ் என்று எடுத்துவிடாதீர்கள், சர்க்கரை ஏகத்துக்கு. பெயரில் அந்தச் சொல்லைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. பழைய சரக்கு இன்னும் கண்ணில் பட்டால் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். வீட்டில் இருக்கிற நாளுக்கு உப்புப் போட்ட நீர்மோரே போதும்.

சென்னை எண்ணை, அடுத்து ஓடப்போகும் ஏலகிரி மலைக்கு அப்படியே கொண்டுபோக முடியாது என்பதுதான் அடுத்த தலைவலி. கடற்கரைக் காலையில் காற்றே ஈரம், வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. நனைந்த சட்டையைப் பார்த்தே குடிக்கச் சொல்லிவிடலாம். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர், காற்று உலர்ந்தது, வியர்த்ததும் காய்ந்துவிடும். சட்டை காய்ந்திருக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கே மறுபடி அளந்தாக வேண்டும். ஆகவே எடைமெஷினும் பையில் போகிறது. ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஜோலார்பேட்டை, அங்கிருந்து மேலே.

மலைப்பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். பாரி வளைவிலிருந்து அடுத்த வளைவு வரை ஓட்டம், அதற்கடுத்தது வரை நடை என்று வைத்தால் பிள்ளைகள் முனகாமல் ஏறுகிறார்கள். பஸ் வரும் பாதை, விடிந்தவுடன் முடித்துவிட வேண்டும், வளைவில் எப்போதும் வெளி ஓரம். ஏலகிரியிலேயே உள்ள சுவாமிமலைக்கு ஏற்றம் மங்கலம் கிராமத்திலிருந்து. உச்சி சுமார் 1,300 மீட்டர். வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள். டிரெக் தமிழ்நாடு என்ற வனத்துறை மலையேற்றத் திட்டத்தின் பாதைகளைப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம் என்று மூடுகிறார்கள், கோடைக்கு மிச்சம் அதற்குப் பிறகுதான். இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கி நகம் கறுக்காமல் இருக்க, ஷூவின் கடைசித் துளையில் லேஸைக் கண்ணியாக விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பூட்டிக்கொள்ளும்.

ஏலகிரி எண்கள் வருவதற்குள் கொல்லிமலை ஆகாய கங்கை அருவிப் பேச்சு தொடங்கிவிட்டது. ஆயிரத்துக்கு மேல் படி, முதலில் இறக்கம், திரும்பும்போதுதான் ஏற்றம். கீழே அருவியில் குளித்துவிட்டு ஏறுவதால் நனைந்த தலையோடு எடை எடுக்க முடியாது, எனவே அங்கே அளவு கிடையாது. ஏலகிரியில் வரும் எண்ணை வைத்துத்தான் ஆளுக்கு எத்தனை பாட்டில் என்று முடிவு. அதில் பாதிக்கு மேல் ஏறும் நேரத்துக்கு மிச்சம் வைக்க வேண்டும்.