ஹேர்மிஸில் இல்லாத விமானம்: என் சோர்ட்ஃபிஷ் இதுவரை

மேல் இறக்கையை ஒட்டி இன்றோடு மூன்று நாள். இரண்டு நுனியும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கின்றன. அடிமட்டத்தை வைத்து நாலு தரம் அளந்து பார்த்துவிட்டேன். இரட்டை இறக்கை விமானம் கட்டியவர்களுக்கு இந்த நிம்மதி விளங்கும்.

கட்டுவது ஃபெயரி சோர்ட்ஃபிஷ் என்ற பழைய பிரித்தானியக் கடற்படை விமானத்தின் மாதிரி, ஏர்ஃபிக்ஸ் கம்பனியின் 1/72 கிட், அதாவது உண்மையானதில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. லண்டனில் இருக்கும் தங்கச்சி போன முறை ஊருக்கு வந்தபோது பெட்டியையும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ற் போத்தல்களையும் உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்தாள். உண்மையான விமானத்தின் இறக்கை 13.87 மீற்றர். இந்த அளவில் அது 19 சென்ரிமீற்றர் சொச்சம், ஒரு சாணுக்குள் அடங்கிவிடும்.

ஏன் இந்த விமானம் என்று கேட்டால், மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் நின்று கிழக்கே கையைக் காட்டத்தான் எனக்குத் தெரியும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி அங்கேதான் எச்.எம்.எஸ். ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் இறந்தார்கள். முதல் கோட்டிலிருந்தே விமானந்தாங்கியாக வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. அது இன்றைக்கும் எங்கள் கடலின் அடியில் ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் சரிந்து கிடக்கிறது. சுழியோடிகள் மட்டக்களப்பிலிருந்துதான் அதைப் பார்க்கப் போகிறார்கள். திருகோணமலைக்குத் தாக்குதல் வருகிறது என்று முதல் நாள் இரவு துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பல் அது. அதன் 814ஆவது ஸ்க்வாட்ரன் என்ற விமானப் பிரிவின் சோர்ட்ஃபிஷ்கள் கரையிலேயே நின்றுவிட்டன. விமானந்தாங்கி விமானம் ஒன்றும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

விமானங்கள் இருந்திருந்தால் கப்பல் தப்பியிருக்குமா? தப்பியிராது என்பதுதான் என் எண்ணம். சோர்ட்ஃபிஷ் மணிக்கு 220 கிலோமீற்றர் போவதே பெரிய காரியம். தண்ணீருக்குள் ஓடிக் கப்பலைத் தாக்கும் டோர்பிடோவைக் கட்டிக்கொண்டு கப்பல்களைத் தேடிப் போக வேண்டிய விமானம் அது, வானத்தில் சண்டை பிடிக்கிற விமானமல்ல. ஆனாலும் 1940 நவம்பரில் தாரந்தோ துறைமுகத்தில் இத்தாலியப் போர்க்கப்பல்களை முடக்கியதும், அடுத்த ஆண்டு மே மாதம் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் சுக்கானை உடைத்ததும் இதே சீலை போர்த்திய விமானம்தான். அந்த மரியாதையோடுதான் இதைக் கட்டுகிறேன். நான் கட்டுவது கரையில் விடப்பட்ட ஒன்று. அதனால் ஆளும் இல்லை, வயிற்றின் கீழ் டோர்பிடோவும் இல்லை, மூன்று இருக்கையும் வெறுமையாக இருக்கும். இறக்கையை மடித்தும் கட்டலாம். ஆனால் மடித்தால் இரண்டு இறக்கைகளுக்கும் இடையில் இழுத்துக் கட்டும் கம்பிகளின் அழகு போய்விடும் என்பதால் விரித்தே வைத்தேன்.

உடலும் இருக்கைகளும் ஒரு கிழமையில் முடிந்தன. அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. பெயின்ற்தான் நாளெடுத்தது.

தொடங்கியது ஆடி மாதம், கச்சான் காற்று அடிக்கிற காலம். என்னிடம் ஏர்பிரஷ் இல்லை, தூரிகைதான். அந்த வறண்ட காற்றில் பெயின்றைத் தொட்டு இறக்கைக்குக் கொண்டுபோவதற்குள் தூரிகையின் நுனி காய்ந்துவிடும். பாதி காய்ந்த பெயின்றை இழுத்தால் உழுத வயல்போல வரி வரியாக நிற்கும். முதல் இறக்கையை அப்படித்தான் கெடுத்து, சேண்ட்பேப்பர் பிடித்துத் திரும்பவும் தொடங்கினேன். பிறகு இரண்டு விடயங்களை மாற்றினேன். ஒன்று, பெயின்றில் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் ஒரு துளி, தண்ணீர் இரண்டு துளி. மற்றது நேரம். வெள்ளாப்பில் ஐந்து மணிக்கு எழும்பி, காற்று எழுமுன் ஒரு பூச்சு. அவ்வளவுதான், மறுகா அடுத்த நாள். மெல்லிய பூச்சாக ஐந்து போட்டதும் தூரிகையின் தடம் ஒன்றுமில்லாமல் போனது.

நிறத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அந்தக் காலத்துப் பிரித்தானியக் கடற்படை விமானங்களின் மேற்பக்கம் எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே, டார்க் ஸ்லேட் கிரே என்ற இரண்டு நிறங்கள், கீழ்ப்பக்கம் வெளிறிய ஸ்கை. ஆனால் இரட்டை இறக்கை விமானத்தில் கீழ் இறக்கை மேல் இறக்கையின் நிழலில் கிடக்கும். அந்த இருட்டை ஈடுசெய்ய, கீழ் இறக்கையின் மேற்பக்கத்துக்கு மட்டும் அதே நிறங்களின் வெளிறிய சோடியைப் பூசினார்கள்: டார்க் சீ கிரே, லைட் ஸ்லேட் கிரே. ஆக மொத்தம் ஐந்து நிறம். இதை விட்டுவிட்டு எல்லா இடமும் ஒரே நிறம் பூசினால் மாதிரி ஒரு பொம்மையாகத்தான் தெரியும்.

வட்டச் சின்னங்களை ஒட்டுமுன் கிளியர் என்ற பளபளப்பான நிறமற்ற பூச்சைப் பூச வேண்டும், இல்லாவிட்டால் டெக்கல் என்ற அந்த ஒட்டுப்படத்துக்கு அடியில் காற்று நின்று வெள்ளி வெள்ளியாக மினுங்கும். அதை அடித்தது கார்த்திகை மாதத்தில், மாரி மழை விட்ட ஒரு பின்னேரம், ஸ்ப்ரே டின்னில். பத்து நிமிடத்தில் இறக்கை முழுவதும் பால் படர்ந்தது போல வெளுத்துவிட்டது. நான்கு மாத வேலை கண் முன்னால் மறைந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அன்றிரவு சாப்பாடே இறங்கவில்லை. காரணம் ஈரம்தான். கிளியரில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது, காற்றிலுள்ள நீர் அதில் படிந்து பூச்சுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. கைவைக்காமல் ஒரு டப்பாவுக்குள் மூடி வைத்தேன். தை பிறந்து வெயில் காட்டிய ஒரு மத்தியானம் அதே கிளியரை மிக மெல்லிதாகத் திரும்ப அடித்ததும் பழைய பூச்சு இளகி, அகப்பட்ட ஈரம் வெளியேறியது. வெண்மை மறைந்து நிறம் கீழேயிருந்து எழும்பி வந்தது. மாரியில் ஸ்ப்ரே டின்னைத் தொடாதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இப்போது கம்பிகள். மேல் இறக்கையை ஒட்டுமுன்பே, மகனின் லெகோ கட்டைகளை நான்கு மூலையிலும் அடுக்கி உயரத்தைச் சரிபார்த்து, 0.3 மில்லிமீற்றர் ஊசித் துளைப்பானால் ஓட்டைகளைப் போட்டு வைத்திருந்தேன். நாவலடியில் மீன்பிடிக்கும் மாமா கம்பிக்காக முதலில் கொண்டுவந்து தந்த தங்கூசி, அதாவது மீன்பிடி நைலோன் நூல், 0.3 மில்லிமீற்றர். 72ஆல் பெருக்கினால் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல், விமானத்தில் கயிறு கட்டியது போல இருக்கும். 0.12 தான் சரியாக வந்தது. உண்மையான கம்பிகள் காற்றைக் கிழிக்கத் தோதாகத் தட்டையாக உருட்டிய உருக்கு. தங்கூசியில் அந்தத் தட்டை வராது, ஆனால் இந்த அளவில் கண் அதைக் கேட்பதில்லை.

மாமா பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கம்பியை நான் இழுத்துப் பிடித்து ஒட்டப்போகும்போது கையைப் பிடித்தார்.

“இறுக்காத மனே. ஒண்ட இறுக்கினா மற்றது தொய்யும். இளக்கி விட்டுக் கட்டு, எல்லாம் கட்டி முடிஞ்சாப்போல ஒரேயடியா இறுக்கலாம்.”

வலைக்கும் இறக்கைக்கும் அது ஒன்றுதான். பறக்கும்போது இறக்கை மேலெழாமல் பிடிப்பது ஒரு கூட்டம், தரையில் நிற்கும்போது இறக்கையின் பாரத்தைத் தாங்குவது இன்னொரு கூட்டம். ஒன்றின் இழுவையை மற்றது சமன்செய்ய வேண்டும். அவர் சொன்னபடி எல்லாவற்றையும் சற்றுத் தளர்வாகவே கட்டி, ஓட்டைகளில் சூப்பர் குளூவை ஊசி முனையால் தொட்டு வைத்தேன். பசை காய்ந்ததும் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, நெருப்பு அணைந்து கனல் மட்டும் இருக்கும்போது கம்பியின் கீழே, தொடாமல், மெல்ல நகர்த்தினேன். தொய்ந்திருந்த தங்கூசி ஒரு கணம் நெளிந்தது, பிறகு அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேரானது. கனல் கொஞ்சம் கிட்டப் போனால் உருகி அறுந்துவிடும். ஒன்று அப்படித்தான் போனது.

இடது பக்கத்தில் பதினொரு கம்பி முடிந்திருக்கிறது. வலது பக்கமும் வால் பக்கமும் இன்னும் இருக்கின்றன. நாளைக்கு வெள்ளாப்பில், காற்று எழும்புமுன் உட்காரப் போகிறேன். மாமா கடலுக்குப் போகாவிட்டால் வருகிறேன் என்றிருக்கிறார்.