கிர்ர்ர்ருன்னு ஒரு சத்தமும் அப்பாவோட நீள ஸ்க்ரூட்ரைவரும்

போன வேசகாலத்துல ஆரம்பிச்சதுங்க எங்க கார்ல இந்த சத்தம். நானு அம்மா அப்பா மூணு பேரும் சோமனூர்ல இருந்து பழனிக்கு கெளம்பி, பல்லடம் தாண்டி உடுமலை ரோட்ல போய்ட்டு இருக்கோம், குடிமங்கலம் பக்கம் ரெண்டு பக்கமும் காத்தாலையா சுத்திட்டு நிக்கும் பாருங்க, அங்க வச்சுதான் மொதல்ல கேட்டேன். கிர்ர்ர்ர்ருன்னு. பாட்ட நிறுத்துனேன், இருக்கு. ஏசிய நிறுத்துனேன், கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா போகல. பின்னாடி இருந்து அம்மா "என்ன கண்ணு, மாவு போடாத கிரைண்டர் ஓடற மானிக்கு இருக்குது"ன்னாங்க. நெசமாவே அதே சத்தந்தான்.

அப்பா பக்கத்து சீட்ல ஒண்ணுமே கேக்காத மாதிரி வெளிய பாத்துட்டு வந்தாரு. மாதிரி என்ன, அவருக்கு கேக்கவே இல்ல. 30 வருசம் தறிக்குடோன்ல நின்னவரு, எட்டு தறி ஒண்ணா ஓடுனா பக்கத்துல நிக்கறவன் கத்துனாக்கூட வாயசைவு பாத்துதான் புரிஞ்சுக்கணும், அதுல காது பாதி போயிருச்சு. டிவி சவுண்ட் எங்க வூட்ல எவ்வளவு வெப்போம்னு தெருவுக்கே தெரியும்.

திரும்பி வந்து ஒரு ஏசி கடைக்கு போனேன். பேரு வேண்டாம். போனதும் கடைக்காரரு "சார் வரலீங்களா?"ன்னாரு. எந்த சார்ன்னு கேட்டேன், சிரிச்சுட்டு விட்டுட்டாரு. பானெட்ட தொறக்கறதுக்கு முன்னாடியே "கேஸ் கொறைஞ்சிருக்கும்ங்க மேடம்"ன்னு சொல்லி கேஸ் அடிச்சு 1,800 ரூவா வாங்கிட்டாங்க. சத்தம் அப்படியேதான் இருந்துச்சு. மறுபடி போனா இப்ப "கம்ப்ரஸர் போச்சுங்க, புதுசு போட்டு எல்லாஞ் சேத்து 24,000 ஆகும்". கம்ப்ரஸர்ங்கறது ஏசி கேஸ அமுத்தி குழாய்க்குள்ள தள்ளற பம்புங்க.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா நானும் அதுவரைக்கும் நம்பிட்டு இருந்தேன். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீந்து போற சமாச்சாரம் இல்ல. மூடுன குழாய்க்குள்ள அதே கேஸ்தான் சுத்தி சுத்தி வருது. நெசமாவே கொறைஞ்சிருந்தா எங்கயோ லீக் இருக்குன்னு அர்த்தம், அத பாக்காம வருசா வருசம் அடிச்சுட்டே இருந்தா என்ன பிரயோசனம்? கம்ப்ரஸருக்கு வேணுங்கற ஆயிலும் கேஸோட சேந்துதான் சுத்துது, அதனால லீக் ஆச்சுன்னா ஆயிலும் கொஞ்சம் கொஞ்சமா போயி, உள்ள வறண்டு, அப்பறம் நெசமாவே கம்ப்ரஸர் போயிரும். சரி, கொறைஞ்சிருக்கோ இல்லியோ இன்னும் கொஞ்சம் போட்டு வெப்போம்னாலும் ஆகாது. எத்தன கிராம்னு பானெட்டுக்கு அடியில ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும், அதுக்கு மேல போனா பிரஷர் ஏறி கம்ப்ரஸர் மொனக ஆரம்பிச்சுரும். என் வண்டில கேஸ் எவ்வளவு இருந்துச்சுன்னு அந்த கடைல யாரும் அளந்தே பாக்கல.

அன்னிக்கு பொழுதோட வூட்ல 24,000 கதைய சொல்லிட்டு இருந்தேன், அதாவது கத்திட்டு இருந்தேன். அப்பா எந்திரிச்சு போயி தறி டூல்ஸ் பெட்டில இருந்து ஒரு அடிக்கு மேல நீளமான ஸ்க்ரூட்ரைவர் ஒண்ண எடுத்துட்டு வந்தாரு. "வண்டிய ஸ்டார்ட் பண்ணு கண்ணு, ஏசி போடாத."

மொதல்ல ஓடற பெல்ட்ல கொஞ்சம் தண்ணி தெளிச்சாரு. பெல்ட் கீச்சுன்னு கத்தறதா இருந்தா தண்ணி பட்டதும் சத்தம் மாறும். இது மாறல. அப்பறம் வேட்டிய மடிச்சு இறுக்கி கட்டிட்டு (என்னையும் துப்பட்டாவ அக்கட்ட வெச்சுட்டு வரச் சொன்னாரு, ஓடற பெல்ட்டுகிட்ட தொங்கற துணியோட நிக்காதீங்க, முன்னாடி இருக்கற ஃபேனும் சொல்லாம கொள்ளாம திடீர்னு ஓட ஆரம்பிக்கும்) ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடிய காதுக்கு பக்கத்துல எலும்புல அழுத்திட்டு, முனைய சுத்தாத பாகமா பாத்து ஒவ்வொண்ணுலயும் வெச்சாரு. ஆல்டர்னேட்டர், பெல்ட் டென்ஷனர், கடைசியா கம்ப்ரஸர் மேல. காது கேக்காத மனுசன் என்னத்த கேக்கறாருன்னு நான் நெனச்சுட்டே நின்னேன். கம்ப்ரஸர்ல வெச்சதும் காதுல இருந்து எடுத்துட்டு வெறும் கையில புடிச்சாரு. "புடிச்சுப் பாரு, கையிலயே தெரியுது."

தெரிஞ்சுது. மணல் அரைக்கற மாதிரி ஒரு நடுக்கம், உள்ளங்கை வரைக்கும் வந்துச்சு. மத்த எடத்துல வெச்சா வழுவழுன்னு இருக்கு, அங்க மட்டும் சொரசொரன்னு.

அப்பறம் அவரு கேட்டதுதான் எனக்கு இன்னும் மண்டைல நிக்குது. "ஏசி போடாமயே கத்துது. ஏசி போடலன்னா கிளச் புடிக்காது, கிளச் புடிக்கலன்னா கம்ப்ரஸரு உள்ள சுத்தவே இல்ல. சுத்தாதது எப்புடி கத்தும்?" அதானே! (இது கியர் மாத்தற கிளச் இல்லீங்க, ஏசி போட்டா மட்டும் புல்லியோட சுத்த கம்ப்ரஸருக்குள்ள சேத்து விடற ஏசி கிளச்.) எஞ்சின் ஓடறப்ப எப்பவும் சுத்தறது கம்ப்ரஸர் முன்னாடி இருக்கற புல்லி, அதாவது பெல்ட் ஓடற சக்கரம் மட்டுந்தான். அந்த புல்லிக்குள்ள ஒரு பேரிங் இருக்கு, ஒரசாம சுத்தறதுக்கு குண்டு வெச்ச வளையம். கம்ப்ரஸர் உள்ள அடி வாங்கிருந்தா ஏசி போட்டதும் கிளச் டக்குன்னு புடிக்கற நொடில இருந்து சத்தம் வரணும், நிறுத்துனா நிக்கணும். (இப்ப வர்ற சில புது வண்டிகள்ல கிளச்சே கெடையாதுங்க, கம்ப்ரஸர் எப்பவும் சுத்திட்டே இருக்கும், அதுக்கு இந்த கணக்கு செல்லாது.)

எங்கப்பா பேரிங்க பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாரு, நம்பர் சொல்லித்தான். தறி மோட்டாருக்கு 6204, 6205ன்னு ஏதோ பேரப்பசங்க மாதிரி பேசுவாரு. மறுநாள் கருமத்தம்பட்டில அவருக்கு தெரிஞ்ச பட்டறைக்கு போனோம். பெல்ட்ட கழட்டிட்டு புல்லிய கையால சுத்திப் பாத்தாங்க, நல்ல பேரிங்கா இருந்தா சத்தமில்லாம சுத்தணும், இது கரகரன்னு தடுக்கி தடுக்கி நிக்குது, புடிச்சு ஆட்டுனா ஆடுது. கேஸ வெளிய விடாமலே கிளச்ச கழட்டி பேரிங் மட்டும் மாத்துனாங்க, கூலியோட 2,300. திரும்ப பூட்டறப்ப கிளச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டருக்கும் கொறைவா கேப் விடணுமாம், அத கேஜ் வெச்சு பாத்தாங்க. கேப் எச்சா இருந்தா கிளச் வழுக்கும், கொறைஞ்சா ஒரசும். பழைய பேரிங்க அப்பா வேட்டி மடிப்புல போட்டு வூட்டுக்கு கொண்டாந்துட்டாரு, எதுக்குன்னு கேக்காதீங்க.

அதுக்கப்பறம் எனக்கு காரு சத்தம் கேக்கறது ஒரு வியாதி ஆயிருச்சு. ஏசி நிறுத்துனதும் டேஷ்போர்டுக்குள்ள ஸ்ஸ்ஸுன்னு வருமே, அது ஒண்ணுமில்ல, ஒரு பக்கம் எச்சா ஒரு பக்கம் கம்மியா இருந்த பிரஷர் சமமாகற சத்தம். ஆனா ஏசி போட்டு ஓட்டறப்பவே விடாம ஸ்ஸ்ஸுன்னு சத்தமும் வந்து குளிரும் கம்மியா இருந்தா கேஸ் கொறைஞ்சிருக்கான்னு பாக்கணும். கிளச் டக்குன்னு விட்டு விட்டு புடிக்கறதும் சாதாரணந்தான், ரெண்டு மூணு செகண்டுக்கு ஒருக்கா டக் டக்குன்னா மட்டும் சந்தேகப்படலாம்.

ஆடில ஒரு நாளு புதுசா தடதடன்னு ஒண்ணு. இந்த தடவ நான் கடைக்கு போகல. எஞ்சின் ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் திருப்பி ஏசி ஃபேன ஒண்ணு ரெண்டு மூணுன்னு வெச்சேன், ஃபேன் வேகத்தோட சேந்து சத்தமும் ஏறுச்சு. எஞ்சினே ஓடல, அப்ப கம்ப்ரஸருக்கும் பெல்ட்டுக்கும் இதுல வேலையே இல்ல, உள்ள காத்த தள்ளற ஃபேன், அந்த ப்ளோயர்தான். க்ளவ் பாக்ஸ கழட்டி ஃபில்டர உருவுனா உள்ள எங்க வாசல் வேப்பமரமே இருக்குது. காஞ்ச எலை, பூ, ஒரு குச்சி. கூடவே எலி கடிச்ச தேங்கா நாரு. எலிய மட்டும் காணோம், போச்சாதுன்னு விட்டுட்டேன்.

திரும்பறப்ப சலக் சலக்குன்னு தண்ணி சத்தமும் ஒரு தடவ வந்து, கால் மிதி நனைஞ்சு கெடந்துச்சு, ஏசி தண்ணி வெளிய போற குழாய் அடைச்சிருந்துச்சு, குத்தி விட்டதும் செரியாப் போச்சு.

இப்ப ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். காத்த உள்ள வெளிய மாத்தற பட்டன அமுத்துனா டேஷ்போர்டுக்குள்ள டிக் டிக் டிக்குன்னு பத்து தடவ அடிச்சுட்டு நிக்குது. உள்ள இருக்கற குட்டி மோட்டார்ல பிளாஸ்டிக் பல்லு ஒடைஞ்சிருக்கும். அதுக்கு டேஷ்போர்டையே பிரிக்கணும்னா என்ன பண்றதுன்னு அந்த பட்டன தொடாம ஓட்டிட்டு இருக்கேன். அப்பாவுக்கு இந்த சத்தம் கேக்காது. நானும் சொல்லல, சொன்னா ஸ்க்ரூட்ரைவர் பெட்டிய எடுத்துட்டு வந்து நின்னுருவாரு.