"போட்டுப் பாருங்க, உங்களுக்கே தெரியும்"

நான் சொன்னது இவ்வளவுதான். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வார்த்தையும் சரியாகத்தான் இருக்கிறது. சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் எங்கோ இடிக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம், என் கார் பட்டறை மூடுகிற நேரம். வந்தவர் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆன்லைனில் வாங்கிய டப்பாவைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். பளபளவென்று ஒரு எவர்சில்வர் வளையம், அதற்குள் விசிறி இறக்கை மாதிரி வளைத்துவிட்ட தகடுகள். சுற்றாது. ஏர் ஃபில்டருக்கும், எஞ்சினுக்குப் போகிற காற்றைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலுக்கும் நடுவில் வருகிற ஹோஸுக்குள் சொருகிவிட்டால் காற்று சூறாவளி மாதிரி சுழன்று உள்ளே போகுமாம், பெட்ரோல் முழுசாக எரியுமாம்.

"ஏனுங்ணா, இதை மாட்டினா பிக்கப் ஏறுங்ளா?"

ஏறாது. அது எனக்குத் தெரியும். எஞ்சின் என்பது ஒரு பம்பு. 1.2 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.2 லிட்டர் காற்றை இழுக்கும். 6000 சுற்றில் ஓடினால், கணக்குக்கு, நிமிஷத்துக்கு 3600 லிட்டர். அந்தப் பாதையில் குறுக்கே எதை வைத்தாலும் அது தடைதான். சுழற்றிவிட்டாலும், அடுத்த ஒரு சாண் தள்ளி த்ராட்டில் தட்டு நிற்கிறது. அதில் மோதியதும் சுழல் கலைந்துவிடும். அதற்குப் பிறகு சிலிண்டருக்குள் காற்று எப்படிப் புரளவேண்டும் என்பதை வண்டி செய்தவன், சிலிண்டருக்குக் காற்று நுழைகிற வாசலான இன்டேக் போர்ட்டின் வளைவிலேயே தீர்மானித்துவிட்டான். ஊருக்குள் ஓட்டும்போது காற்று பற்றாமல் போவதும் கிடையாது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து நாமேதான் அதை அடைத்து வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் அன்றைக்கு அவரிடம் சொல்லியிருக்கலாம். அதே மாதிரி ஒன்று முன்னால் நடந்திருந்தது. ஒரு பையன் பேட்டரியில் ஓடுகிற 'எலக்ட்ரிக் டர்போ' கொண்டு வந்தான். "தம்பி, இது இழுக்கிறது ஐந்து ஆம்பியர். 12 வோல்ட்டில் 60 வாட், ஒரு ஹெட்லைட் பல்பு அளவு. அதை வைத்து எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ள முடியாது" என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "உங்களுக்கு இதெல்லாம் அப்டேட் இல்லீங்ணா" என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டான். அங்கே மாட்டியும் விட்டார்கள். அது உறுத்தியதா, அல்லது அந்த மாத வாடகை பாக்கி உறுத்தியதா, தெரியவில்லை. இவரிடம் நான் சொன்னது மேலே தலைப்பில் இருக்கிறது.

அதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம். வளையத்தை மாட்ட ஹோஸைக் கழற்றியபோது ஏர் கிளீனர் பாக்ஸையும் திறந்தேன். ஃபில்டரைத் தூக்கினால், மடிப்பே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் பஞ்சு கம்பளி மாதிரி படிந்து கிடந்தது. விரலால் ஓரத்தைக் கிள்ளி இழுத்தேன், தோசை திருப்புகிற மாதிரி ஒரே தகடாக உரிந்து வந்தது. அவர் வண்டி ராத்திரி நிற்பது நிட்டிங் ஷெட்டுக்குள். காலையில் அங்கேயே ஸ்டார்ட் செய்து, ஏசி போட்டு, போன் பேசிக்கொண்டு இருப்பார். திருப்பூரில் இது புதிதில்லை. புது ஃபில்டர் போட்டேன். த்ராட்டில் பாடியில் கார்பன் கட்டியிருந்தது, துடைத்தேன். டயரில் காற்றும் குறைவாக இருந்ததால் பையனை விட்டு அடிக்கச் சொன்னேன். கடைசியில் வளையத்தைச் சொருகி கிளாம்பை முறுக்கினேன். பில்லில் எல்லாவற்றையும் எழுதினேன். 'ஏர் ஃபில்டர்' என்றும் எழுதினேன். அவர் பில்லைப் பார்க்கவே இல்லை, அது என் குற்றமா?

பத்து நாள் கழித்து ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். "வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகுதுங்ணா. மைலேஜ் 16-ல இருந்து 18 ஆயிருச்சு. ஃபுல் டேங்க் அடிச்சுக் கணக்குப் பார்த்தேன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். மாட்டுவதற்கு முன்னால் சொல்லாததற்கு ஆயிரம் சமாதானம் சொல்லலாம். ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கொண்டு சொல்லாமல் இருந்ததற்கு ஒன்றும் தோன்றவில்லை. "சந்தோஷங்க" என்றேன். அவர் போனதும் பட்டறைப் பையன் கேட்டான்: "நிஜமாவே அது வேலை செய்யுதுங்ளாண்ணா?"

"ஃபில்டர்டா. ஃபில்டர் மாத்தினதுதான்."

இதை ரொம்ப உறுதியாகச் சொன்னேன். ராத்திரி மனசு கேட்காமல் போனில் தேடினேன். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-ல் இதைத்தான் சோதித்திருக்கிறது. இப்போதைய பெட்ரோல் எஞ்சின்களில் அடைத்துக்கொண்ட ஃபில்டரை மாற்றினால் வண்டி வேகமெடுக்கிற நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை குறையலாம், மைலேஜ் மட்டும் ஏறாது. யோசித்தால் சரிதான். கார்புரேட்டர் காலத்தில் காற்று குறைந்தால் பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை தள்ளும்; இப்போது சென்சார் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. ஆக, பிக்கப் ஏறியதற்கு நான் சொன்ன காரணம் சரி. மைலேஜுக்கு நான் சொன்னது தப்பு. அந்த இரண்டு கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? டயர் காற்று கொஞ்சம் கொடுத்திருக்கும். மிச்சம் அவர் காலில் இருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். காசு போட்டு வாங்கியதை நிரூபிக்க, பத்து நாளும் முட்டை உடையாத மாதிரி ஓட்டியிருப்பார். அப்படியென்றால் அந்த எவர்சில்வர் வளையம் வேலை செய்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? எஞ்சினுக்குள் இல்லை, சீட்டில். இப்படி நினைக்கும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கிறது. அந்த நிம்மதியைத்தான் நான் நம்புவதில்லை.

அதே நாட்டின் சுற்றுச்சூழல் துறை இந்த மாதிரி பெட்ரோல் மிச்சப்படுத்தும் சாமான்களை நூற்றுக்கு மேல் பரிசோதித்து, மைலேஜைக் குறிப்பிடும்படி ஏற்றுகிற ஒன்றைக்கூடக் கண்டதில்லை. இன்றைக்கும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாங்குகிறவர் எல்லோரும் ஏமாளிகள் இல்லை. இவர் வியாபாரத்தில் என்னைப் பத்துத் தடவை விற்றுவிடுவார்.

அவர் சொல்லி ஒரு நண்பர் வந்தார், அதே வளையத்தோடு. இவருடையது டீசல், டர்போ. எனக்குச் சட்டென்று வயிற்றைக் கலக்கியது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போவின் இறக்கை நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகிற சாமான். இந்தத் தகடு ஒன்று உடைந்து உள்ளே போனால் டர்போ போய்விடும், எஞ்சினும் தப்பிக்கும் என்று சொல்லமுடியாது. மாட்டமாட்டேன் என்றேன்.

"அவருக்குப் போட்டீங்கல்ல? எனக்கு மட்டும் ஏனுங் மாட்டேங்கறீங்க?"

டர்போவைப் பற்றிச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதில் பிரயோஜனமும் இல்லீங்க" என்று வாயில் வந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை, வளையத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலாமவரிடம் சொன்னாரா, இல்லையா, தெரியாது. அவர் இன்றைக்கும் சர்வீஸுக்கு என்னிடம்தான் வருகிறார். நான் எதையும் எடுப்பதில்லை, அவரும் எடுப்பதில்லை. தெரிந்தும் வருகிறாரா என்று ஆயில் மாற்றும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்ப்பேன்.

போன வாரமும் வந்தார். ஹோஸைக் கழற்றினேன். வளையத்தின் தகடுகளில் எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் கொஞ்சம் தூசி. பையன் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னான்: "இந்தத் தடவை இதை மாட்டாம விட்டுரலாங்ளாண்ணா? அவுருக்குத் தெரியுதான்னு பார்ப்போம்."

நல்ல சோதனைதான். வெளியே அவர் போனில் யாரிடமோ நூல் விலை பேசிக்கொண்டிருந்தார். வளையத்தைப் பெட்ரோல் துணியில் துடைத்தேன், ஒவ்வொரு தகடையும் விரலால் ஆட்டிப் பார்த்தேன், எதுவும் ஆடவில்லை. சொருகினேன். கிளாம்புக்கு ஸ்க்ரூடிரைவர் கேட்டேன். பையன் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கொடுத்தான்.