தினமும் இரண்டு மணி நேரம்

போன வருஷம் ஜூனில் பள்ளியில் கண் பரிசோதனை வைத்தார்கள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்கச் சொன்னதும் என் மகள் அழத் தொடங்கிவிட்டாளாம். அப்போது அவளுக்கு ஆறு வயது. தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரை எனக்கு முன்னால் சொல்கிற பிள்ளை. அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்துக் கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "லேசான பவர்தான், வளர வளரச் சரியாயிடும்" என்றார்கள். அதை நம்பி மூன்று மாதத்தை விட்டுவிட்டேனே என்று இன்றும் மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டருக்கு முன்னால், கண் பவரைச் சோதிக்கிற ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் ஒருவர் பார்த்தார். சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார். குழந்தைகளின் கண் தானாகவே முயன்று ஃபோகஸ் செய்துகொள்ளும், மருந்து விடாவிட்டால் ப்ளஸ் பவர், அதாவது தூரப்பார்வைக்கான பவர், முழுசாகத் தெரியாது என்றார். ஒரு மணி நேரத்தில் கண்பாவை பெரிதாக விரிந்துவிட்டது. டிபன் பாக்ஸைத் திறந்தவள், "அம்மா, சோறு மங்கலா இருக்கு" என்றாள்.

இருட்டறையில் டார்ச் போன்ற ஒரு கருவியால் கண்ணுக்குள் ஒளிக்கோட்டை இப்படியும் அப்படியும் ஓட்டி, ஒவ்வொரு லென்ஸாக மாற்றிப் பார்த்தார். குழந்தை வாயைத் திறக்கவே வேண்டாம். உள்ளிருந்து திரும்பும் வெளிச்சம் நகரும் விதத்திலேயே பவர் தெரிந்துவிடுகிறது. வலது கண் ப்ளஸ் 1, இடது கண் ப்ளஸ் 4.5. சரியான கண்ணாடி போட்டும் இடது கண்ணில் பார்வை 6/36தான். அதாவது, மற்றவர்கள் 36 மீட்டரிலிருந்து படிக்கிற எழுத்தை இவள் 6 மீட்டரில் நின்றுதான் படிக்க முடியும்.

"கண்ணில் கோளாறு இல்லம்மா. மங்கலான படத்தை மூளை ஒதுக்கிவிட்டது, அந்தக் கண்ணால் பார்க்கப் பழகவே இல்லை" என்றார். இதைச் சோம்பேறிக் கண் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. டாக்டர் விழித்திரையைப் பார்த்துவிட்டு அதையே உறுதி செய்தார்.

முதலில் கண்ணாடி மட்டும். இரண்டு மாதத்தில் 6/24 ஆனது, அதற்கு மேல் நகரவில்லை. பிறகு, இடது கண் பார்க்கப் பழகுவதற்காக நல்ல கண்ணின் மேல் பிளாஸ்திரி, தினமும் இரண்டு மணி நேரம்.

முதல் வாரம் நரகம். "எதுவுமே தெரியலம்மா, எடுத்துடு" என்று அழுவாள். "நல்ல கண்ணை ஏண்டி மூடி வைக்கிற?" என்று மாமியார் கண் கலங்குவார். உரித்தெடுக்கும் இடத்தில் தோல் சிவந்துவிடும். ஈரப் பஞ்சால் நனைத்து, ஓரத்திலிருந்து மெல்ல எடுக்கப் பழகினேன். பிளாஸ்திரி போட்டிருக்கும் நேரத்தில் கிட்டப் பார்க்கிற வேலை ஏதாவது கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு நோட்டில் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்துக் கொடுத்தேன். முதல் நாள் அவள் போட்ட கோடு ஒன்றுகூடப் புள்ளியைத் தொடவில்லை. ஒரு மாதம் கழித்து, புள்ளியைச் சுற்றிச் சிக்குக்கோலம் வளைந்தது. அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆறு மாதத்தில் 6/9. இப்போது பிளாஸ்திரி ஒரு மணி நேரம்தான். சட்டென்று நிறுத்தினால் பார்வை மறுபடி குறையலாம் என்பதால் மெல்லக் குறைக்கிறார்கள்.

கூடப் பிறந்தவர்களுக்கும் இது இருக்கலாமாம். சின்னவனுக்கு மூன்றரை வயது. வருகிற சனிக்கிழமை அவனையும் கூட்டிப் போகிறேன்.