மேட்டூர் அணையில் மைனஸ் 148 கோடி கன அடி

தங்கச்சி மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம். ஊருக்கான பயிர்க் கணக்கை ஜாவா என்ற நிரல்மொழியில் ஒரு ப்ராஜெக்டாகச் செய்துகொண்டிருக்கிறான்: யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், எத்தனை மூட்டை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் பெரியவர்கள் நிலத்தை மாவில்தான் சொல்வார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். மாவை வாங்கி மூன்றால் வகுத்து ஏக்கராகக் காட்டவேண்டும், அவ்வளவுதான் வேலை. ஏழு மா கொடுத்தால் 2.0 ஏக்கர் என்று வருகிறது.

"டபுள்லதானே மாமா வாங்குறேன், மிச்சம் ஒரு மா எங்க போச்சு?"

விடையை டபுளில்தான், அதாவது புள்ளி எண்களைத் தாங்கும் வகையில்தான் வாங்குகிறான், சரி. ஆனால் வகுத்தது இன்ட்டை இன்ட்டால், முழு எண்ணை முழு எண்ணால். சமக்குறிக்கு இடது பக்கம் என்ன வகை காத்திருக்கிறது என்று ஜாவா பார்ப்பதே இல்லை; வலது பக்கத்தை அதன் போக்கில் கணக்குப் போட்டு, 7 / 3 என்பதற்கு 2 என்று முடிவு கட்டி, அப்புறம்தான் அந்த 2-ஐ 2.0 ஆக மாற்றிக் கொடுக்கிறது. "(டபுள்) மா / 3" என்று எழுதினால் முதலில் மா 7.0 ஆகும், பிறகு வகுக்கும், 2.33 வரும். "(டபுள்) (மா / 3)" என்று எழுதினால் பழையபடி 2.0 தான், ஏனென்றால் மாற்றம் நடக்கும்போது இழக்கவேண்டியதை இழந்தாகிவிட்டது. வகை மாற்றத்தில் வரும் தொல்லைகளில் பாதி இந்த ரகம்தான் என்று நினைக்கிறேன். எந்த வகைக்கு மாற்றுகிறோம் என்பதைக் கவனிக்கிற அளவுக்கு, கணக்கின் எந்த இடத்தில் மாற்றுகிறோம் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

இதே கதை பெரிய எண்ணிலும் உண்டு. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி, ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. இன்ட் தாங்குவது 2147483647 வரை, அதாவது 214 கோடியும் சொச்சமும். அதனால் இன்னும் பெரிய முழு எண்ணைத் தாங்கும் லாங் வகையில் ஒரு மாறி (மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டி) வைத்து அதில் 93 * 1000000000 என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். வந்தது -1489280512. அணையில் தண்ணீர் இல்லாத வருஷங்களைப் பார்த்திருக்கிறோம், மைனஸில் போனதை யாரும் பார்த்ததில்லை. இரண்டு இன்ட்களைப் பெருக்கியதில் விடை இன்ட்டுக்குள் அடங்காமல் சுற்றி வந்துவிட்டது, லாங் கையில் கிடைத்தது அந்தக் கெட்டுப்போன எண். ஒரு எண்ணின் வாலில் எல் (L) என்ற எழுத்தைச் சேர்த்தால் பெருக்கலே லாங்கில் நடக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மோசம்.

பெரிய வகையிலிருந்து சின்ன வகைக்குப் போகும்போது மட்டும் கம்பைலர் (ஓட்டும் முன்பு நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்ப்பது) நிறுத்திக் கேட்கும். டபுளை இன்ட்டில் போட விடாது, நாம் அடைப்புக்குறிக்குள் இன்ட் என்று எழுதினால் "உன் பொறுப்பு" என்று விட்டுவிடும். (இன்ட்) 17.9 என்பது 17. முழுமையாக்காது, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு வழக்கமாக 17 சதவீதம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: மீட்டர் 17.9 காட்டிய நெல்லை அங்கே திருப்பிக் காயவைக்கச் சொல்வார்கள், இவன் புரோகிராம் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். ஒப்பிடும் வேலையை டபுளிலேயே முடித்துக்கொள், திரையில் காட்டுவதற்குச் சுருக்கு என்றேன்.

இதுவரை சொன்னது எண்கள். ஆப்ஜெக்ட்டுக்கு, அதாவது தரவும் அதற்கான வேலைகளும் சேர்ந்த பொருளுக்கு வந்தால் அதே அடைப்புக்குறி முற்றிலும் வேறு வேலை செய்கிறது. ஜாவாவில் கிளாஸ் (ஆப்ஜெக்ட்டை வார்க்கும் அச்சு) பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், பையன் வைத்திருந்தான்: பயிர் என்ற தாய் கிளாஸ், அதிலிருந்து நெல், உளுந்து. சம்பா அறுக்கும் முன்பே அதே வயலில் உளுந்து தெளித்துவிடுவது இங்கே வழக்கமாதலால் ஒரு வயலுக்குப் பயிர்களின் பட்டியல் ஒன்று. 40 கிலோ மூட்டைக் கணக்குப் போடும் மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) நெல்லில் மட்டும். பட்டியலிலிருந்து எடுக்கும் ஒவ்வொன்றையும் (நெல்) என்று அடைப்புக்குறி போட்டு, அதாவது காஸ்ட் செய்து அந்த மெத்தடைக் கூப்பிட்டிருந்தான். கம்பைலர் வாயைத் திறக்கவில்லை. ஓட்டினால் இரண்டாவது பயிரில் கிளாஸ்காஸ்ட்எக்ஸப்ஷன் என்ற பிழை.

எண்ணை மாற்றும்போது புதிய மதிப்பு ஒன்று உண்டாகிறது. ஆப்ஜெக்ட்டை காஸ்ட் செய்யும்போது எதுவும் உண்டாவதில்லை, எதுவும் மாறுவதுமில்லை. ஒரே ஆளை நான் சித்தப்பா என்கிறேன், வேறொருத்தர் மச்சான் என்கிறார், ஆள் ஆள்தான். (நெல்) என்று எழுதுவது "இதை நெல்லாக ஆக்கு" என்ற கட்டளை இல்லை, "இது நெல்தான், நான் சொல்கிறேன்" என்ற உறுதிமொழி. உள்ளே இருப்பது உளுந்து என்றால் ஓடும்போது பிடிபடும். நெல்லைப் பயிர் என்று சொல்ல எந்த உறுதிமொழியும் வேண்டாம், அது எப்போதும் உண்மை.

இரண்டு வேலைக்கும் ஒரே குறியை வைத்தது ஜாவா சி மொழியிடமிருந்து வாங்கிக்கொண்ட வினை என்பேன். சி++ இதைப் பிரித்து ஸ்டாட்டிக் காஸ்ட், டைனமிக் காஸ்ட் என்று நீளமாக எழுத வைக்கிறது, எழுதும் கை வலித்தாலும் படிக்கிறவனுக்கு என்ன நடக்கிறது என்று தெரியும். சி ஷார்ப்பில் ஆஸ் என்று கேட்டால், பொருந்தாதபோது நல் (null, ஒன்றுமில்லை) கிடைக்கும். ஜாவாவில் இன்ஸ்டன்ஸ்ஆஃப் வைத்து இது அந்த வகைதானா என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் காஸ்ட் செய்யவேண்டியிருந்தது; 2021-இல் வந்த ஜாவா 16-லிருந்து கேட்பதும் பெயர் வைப்பதும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் இவனுக்கு நான் சொன்னது வேறு. மூட்டைக் கணக்கைப் பயிர் கிளாஸிலேயே அறிவித்துவிடு, நெல் நாற்பதால் வகுக்கட்டும், உளுந்து தன் கணக்கைத் தானே சொல்லட்டும், நீ யார் என்ன என்று விசாரிக்கவே வேண்டாம். காஸ்ட் ஐந்தாறு இடத்தில் இருந்தது, ஒன்றைத் தவிர எல்லாம் போய்விட்டது. அந்த ஒன்று, இரண்டு ஆப்ஜெக்ட்டும் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் மெத்தடுக்குள். அதற்கு வருவதே எல்லா கிளாஸுக்கும் தாயான ஆப்ஜெக்ட் வகையில்தான், அங்கே வேறு வழியில்லை.

எழுத்துச்சரத்தை எண்ணாக்குவது காஸ்டே இல்லை, அது படித்துப் புரிந்துகொள்ளும் வேலை. "17.9" என்ற சரத்தை இன்டிஜர் பார்ஸ்இன்ட்டிடம் கொடுத்தால் வெட்டிக்கொள்ளாது, நம்பர்ஃபார்மட்எக்ஸப்ஷன் என்ற பிழையைப் போடும். ஒரு வேடிக்கை, "௧௭" என்று தமிழ் எண்ணில் கொடுத்தால் 17 என்று சரியாகப் படித்துவிடும், டபுளின் பார்ஸ்டபுள் படிக்காது. பழைய பத்திரங்களில் இருக்கும் "௰௭" இரண்டுக்குமே புரியாது, பத்தைக் குறிக்கும் ௰ யூனிகோடில் இலக்கமாகச் சேர்க்கப்படவில்லை. தாத்தா காலத்துப் பத்திரங்களிலிருந்தும் மாக் கணக்கை ஏற்றப்போகிறானாம், அதனால் ௰, ௱ (நூறு), ௲ (ஆயிரம்) மூன்றையும் பிரித்துப் பெருக்கிக் கூட்டும் ஒரு மெத்தடைத் தனியாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.