ஷெர்லாக் ஹோம்ஸ் படங்களை வச்சு டிசர்டேஷன் பண்ணப் போறவங்களுக்கு

எம்.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர்ல விக்டோரியன் துப்பறியும் கதைகளும் மேகசின்ல அதுக்கு வந்த படங்களும்னு டாபிக் எடுத்து டிசர்டேஷன் முடிச்சேன், இப்போ அதே பக்கம் டாபிக் தேடுற ஜூனியர்ஸ் சிலர் கேக்குறாங்க, அதனால எனக்கு எது கைகொடுத்துச்சுன்னு எழுதிடறேன்.

படம் இல்லாத பேப்பர்பேக்கை வச்சு இந்த வேலைய ஆரம்பிக்கவே வேண்டாம். ஹோம்ஸ் கதைகள் படத்தோட வந்த லண்டன் மாத இதழ் ஸ்ட்ராண்ட் மேகசினோட பழைய வால்யூம் எல்லாம் இன்டர்நெட் ஆர்கைவ்ல ஸ்கேனா இலவசமா கிடைக்குது, ஆறு மாச இதழ்கள் சேர்ந்து ஒரு வால்யூம், 1891 ஜூலைல வந்த 'எ ஸ்கேண்டல் இன் பொஹீமியா' ரெண்டாவது வால்யூம்ல இருக்கும். அதுல பக்கம் பக்கமா படிங்க, படத்தை மட்டும் தனியா டவுன்லோட் பண்ணி பாக்காதீங்க. ஏன்னா துப்பறியும் கதைன்னாலே எந்தத் தகவலை எப்போ சொல்றது, எதுவரைக்கும் மறைக்கிறதுங்கறதுதான், ஆனா பக்கத்தைத் திருப்பினதும் கண்ணு போய் விழறது படத்துல, அப்புறம்தான் வரிக்கு வருது. அதனால ஒவ்வொரு படத்துக்கும் நோட்ல நான் ஒரே கேள்விதான் போட்டேன்: இது கதையை முந்துதா, கூடவே வருதா, இல்ல கதையில இல்லாத ஒண்ணைச் சொல்லுதா? என் சாப்டர் பிரிவே அதுல இருந்துதான் வந்துச்சு.

எல்லாரும் ஹோம்ஸோட தொப்பியில இருந்துதான் ஆரம்பிப்பாங்க. 'பாஸ்கோம்ப் வேலி மிஸ்டரி'யில ஹோம்ஸை உருவாக்கின ஆர்தர் கானன் டாயில் எழுதினது தலையை ஒட்டி இருக்கற ஒரு துணித் தொப்பி, அவ்வளவுதான். ஸ்ட்ராண்ட்ல படம் வரைஞ்ச சிட்னி பேஜெட் அதை டீர்ஸ்டாக்கரா, அதாவது முன்னும் பின்னும் விளிம்பும் காது மடலும் வச்ச வேட்டைத் தொப்பியா வரைஞ்சாரு. அடுத்த வருஷம் 'சில்வர் பிளேஸ்'ல டாயிலே காது மடல் வச்ச பயணத் தொப்பின்னு எழுதறாரு. இதை வச்சு படத்தைப் பாத்துத்தான் டாயில் மாத்தினாருன்னு அடிச்சு சொல்லிடாதீங்க, வரிசை அப்படி இருக்குன்னு மட்டும் எழுதுங்க. முகத்துக்கு வேற மாதிரி, அதுக்கு டாயிலோட சாட்சியே இருக்கு, அவர் மனசுல இருந்தது இவ்வளவு அழகான ஆள் இல்லைன்னும் பேஜெட்டோட தம்பிதான் மாடல்னும் தன் சுயசரிதையில சொல்லியிருக்காரு.

ஸ்ட்ராண்டுக்கு முன்னாடி உள்ளதையும் விட்டுடாதீங்க. 1887ல முதல் ஹோம்ஸ் நாவல் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' முதல்ல வந்தப்போ டி.எச். ஃப்ரிஸ்டன் வரைஞ்சாரு, 1888ல அது தனிப் புத்தகமா வந்தப்போ டாயிலோட அப்பா சார்லஸ் டாயில் வரைஞ்சாரு, அதுல ஹோம்ஸுக்கு தாடி! அதுவரைக்கும் அந்த ஆளுக்கு நிலையான முகமே இல்ல. மாசாமாசம் ஒரு முழுக் கதை, அதே ஹீரோ, அதே ஓவியர், ஆறு பென்னி விலை, பக்கத்துக்குப் பக்கம் படம் வேணும்னு நினைச்ச ஜார்ஜ் நியூன்ஸ் மாதிரி ஒரு பதிப்பாளர், இது எல்லாம் ஒண்ணா சேர்ந்தப்போதான் முகம் நின்னுச்சு. ஆரம்பக் காலப் படங்கள்ல நாம பாக்குற கோடு நேரா பேஜெட் கையோடது இல்லைங்கறதையும் கவனிங்க, அவர் வாஷ்ல, அதாவது தண்ணி கலந்த மையால தூரிகை வச்சு, வரைஞ்சதை மரக்கட்டையில செதுக்கிதான் அச்சடிச்சாங்க, பல படங்கள்ல மூலையில செதுக்கினவர் கையெழுத்தும் இருக்கும்.

வைவால (வாய்மொழித் தேர்வு) எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வியே "இது ஆர்ட் ஹிஸ்டரி ஆச்சே, லிட்டரேச்சர்ல எதுக்கும்மா?"ன்னுதான். உங்களுக்கும் கண்டிப்பா வரும். நான் 1893 டிசம்பர் இதழ் பிரிண்ட் அவுட்டை எடுத்து வச்சேன். 'தி ஃபைனல் பிராப்ளம்' கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முழுப் பக்கத்துக்கு ரைக்கன்பாக் அருவி ஓரத்துல ஹோம்ஸும் அவரோட எதிரி மோரியார்ட்டியும் கட்டிப் புரள்ற படம், தொப்பி கீழ விழுது, கேப்ஷன்லயே ஹோம்ஸோட மரணம்னு போட்டிருக்கு. கதைக்குள்ள போனா அந்தச் சண்டையை, கதை சொல்ற நண்பர் வாட்சன் பாக்கவே இல்ல, காலடித் தடமும் ஒரு கடிதமும்தான் அவருக்குக் கிடைக்குது, மீதி எல்லாம் யூகம். கதையில யாரும் பாக்காத ஒண்ணை வாசகர் முதல் வரிக்கு முன்னாடியே கண்ணால பாத்துட்டாரு! அப்புறம் 1903ல 'தி எம்ப்டி ஹவுஸ்'ல ஹோம்ஸ் திரும்பி வர்றப்போ டாயிலோட வரிகள் எதுவும் பொய்யாகல, ஏன்னா வாட்சன் தப்பா யூகிச்சாரு, அவ்வளவுதான், பொய்யானது அந்தப் படத்தோட கேப்ஷன். இதைச் சொன்னதும் அவங்க அடுத்த கேள்வி கதையைப் பத்தியே கேட்டாங்க.

இன்னும் டாபிக் முடிவாகாதவங்க ஆர்தர் மாரிசன் எழுதின மார்ட்டின் ஹெவிட்ங்கற துப்பறிவாளர் கதைகளைப் பாருங்க. ஹோம்ஸ் செத்து சில மாசத்துலயே, 1894ல, அதே ஸ்ட்ராண்ட்ல அதே பேஜெட் படத்தோட வந்துச்சு, ஆனா ஹெவிட் உருண்டை முகம், கொஞ்சம் பூசின உடம்பு, ரோட்டுல போனா யாரும் திரும்பிப் பாக்காத ஆள். என்னால அதுக்கு ஒரு சப் செக்ஷன்தான் ஒதுக்க முடிஞ்சுது, முழு டிசர்டேஷனே பண்ணலாம்.