வீடு கட்டும் கணக்கில் எழுதப்படாத நாட்கள்

ஆயிரம் சதுர அடியில் தரைத்தள வீடு கட்ட எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டால் ஒப்பந்தக்காரர் ஆறு மாதம் என்பார். ஆள் வந்து வேலை செய்யும் நாட்களை மட்டும் கூட்டினால் அது சரியாகக்கூட இருக்கலாம். கான்கிரீட் இறுகும் நாள், பூச்சு உலரும் நாள், கதவு, ஜன்னல் நிலைக்காக ஆசாரியை எதிர்பார்த்து நிற்கும் நாள், எந்த டைல்ஸ் என்று வீட்டுக்குள் பேசித் தீராத நாள் இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. வேலை இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் இங்கேதான்.

அதனால் அட்டவணையைக் குடிபோகும் நாளிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். தை மாதம் புதுமனை புகுவிழா என்றால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குறுக்கே நிற்கிறது. வெளிப்பூச்சு செப்டம்பருக்குள் முடிய வேண்டும். அப்படியானால் மேல்தளம், அதாவது கூரைக் கான்கிரீட், ஜூலை தொடக்கத்திலாவது போட்டாக வேண்டும். கடைக்கால் தோண்டுவது பிப்ரவரி, மார்ச்சுக்குப் போய்விடும். ஆடியில் புது வேலை தொடங்கமாட்டார்கள், ஓடுகிற வேலைக்குத் தடையில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் மறுநாளே திரும்புவார்கள் என்று எழுதாதீர்கள். ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

அதிகம் தடுமாறுவது தளத்தில்தான். ஐந்து அங்குல கனத்தில் 1000 சதுர அடி என்றால் ஏறக்குறைய 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர் கான்கிரீட். 1:1½:3 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) கன மீட்டருக்கு எட்டு மூட்டை வீதம் 95 மூட்டை சிமெண்ட், பீம்களுக்குத் தனி. மூட்டை விலை குறைந்திருக்கிறது என்று வீட்டு வேலை முழுவதற்கும் சேர்த்து வாங்கி அடுக்குவது வீண். மூன்று மாதம் தாண்டினால் சிமெண்டின் வலு குறைந்துகொண்டே போகும்.

கான்கிரீட் போட்ட பிறகு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456-இன் படி, தாங்கலுக்குத் தாங்கல் இடைவெளி 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு ஏழு நாள், 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அடியில் தாங்கும் முட்டு நிற்க வேண்டும். இது சாதாரண ஓபிசி சிமெண்டுக்கான கணக்கு. சாம்பல் போன்றவை கலந்த பிபிசி சிமெண்ட் என்றால் சில நாள் கூட்டிக்கொள்வது நல்லது. கான்கிரீட் காயாமல் மேலே தண்ணீர் தேக்கி வைப்பதும் ஓபிசிக்கு ஏழு, பிபிசிக்குப் பத்து நாள். பலகை வாடகை ஏறுகிறதே என்று முன்கூட்டிப் பிரித்தால் தளம் தொய்ந்து அடியில் விரிசல் விடும். முட்டு நிற்கும்வரை வீட்டுக்குள் வேலை ஓடாது. அந்த இரண்டு வாரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் வைத்துக்கொள்ளலாம். கைப்பிடிச் சுவருக்கான செங்கல்லைப் புதுத் தளத்தின் மேல் குவிப்பது மட்டும் வேண்டாம்.

இன்னொரு பட்டியலும் தேவை: நீங்கள் எதை எந்தத் தேதிக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பது. ஃபேன், லைட் வரும் இடம் தளக் கம்பி கட்டுவதற்கு முன்பே தெரிய வேண்டும், ஏனென்றால் பைப்பும் பாக்ஸும் கான்கிரீட்டுக்குள் போகின்றன. கழிப்பறையில் சுவரில் தொங்கும் கோப்பையா, தரையில் உட்காருவதா என்பதைக் குழாய் வேலைக்கு முன் சொல்லாவிட்டால், பிறகு சுவரை உடைக்க வேண்டியதுதான். ஏசி, சிம்னி, ஹீட்டர், இன்வெர்ட்டர் இடங்களும் அப்படியே. மரநிலை என்றால் கடைக்கால் நடக்கும்போதே மரம் வாங்கி அறுத்துக் காய வையுங்கள். பச்சை மரம் பின்னால் முறுக்கிக்கொள்ளும், கதவு பூட்டாது.

பூச்சு முடிந்து ஏழு நாள் நனைத்தபின் சுவர் நன்றாக உலர மூன்று நான்கு வாரம் விடுங்கள். ஈரத்தின் மேல் பட்டி (பெயிண்டுக்கு முன் பூசும் மாவு) பார்த்தால் அடுத்த மழைக்குள் உரிந்து கையோடு வரும். அவசரத்தில் எல்லாரும் திருடுவது இந்த நாட்களைத்தான்!

பணத்தைத் தேதிக்குக் கொடுக்காமல் முடிந்த வேலைக்குக் கொடுங்கள்: பேஸ்மெண்ட் (தரை மட்டம் வரை), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீம்), தளம், பூச்சு, தரை என்று. அட்வான்ஸ் வேலையை முந்திப்போனால் ஆள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். சதுர அடிக் கணக்கில் போர்டிகோ, மாடிப்படிக்கு மேல் வரும் ஹெட்ரூம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் எப்படி அளக்கப்படும் என்பது ஒப்பந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். கடைசி வாரச் சண்டை பாதி இதனால்தான் வருகிறது. "இங்கே ஒரு ஷெல்ஃப் போடுங்க மேஸ்திரி" என்று வாயால் சொன்னதையும் அன்றைக்கே விலையோடு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மொத்தச் செலவுக்கு மேல் பத்து சதவீதம் தனியாக இருக்கட்டும். ஒப்பந்தத் தொகையில் கடைசி ஐந்து சதவீதத்தை, குளியலறைத் தரையிலும் மொட்டைமாடியிலும் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திக் கசிவு பார்த்த பிறகு கொடுத்தால் போதும்.